விருந்தினர் குரல், மூன்று நிமிடம்

மருந்துக்கடைக்காரர் நாற்காலியிலிருந்து விழுந்தது பாதுகாப்பின் பொருட்டு. கோடை விழாவுக்கு மூன்று நாள் முன்பு, ஆற்றோர மைதானத்தில் தொண்டர்கள் பதினோரு பேரையும் வரிசையாக நிறுத்தி, யாரும் மடக்கு நாற்காலி மேல் ஏறிக் கொடி கட்டக் கூடாது என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஏன் கூடாது என்று ஒருவர் கேட்டார். வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டுவது மேல் என்று இவர் ஏறினார். நாற்காலி பெயருக்கேற்றபடி மடங்கியது. பாடம் எல்லோர் மனதிலும் நன்றாகப் பதிந்துவிட்டது. அந்த வருடம் அதற்குப் பிறகு யாரும் நாற்காலி மேல் ஏறவில்லை.

எலும்பு முறியவில்லை. கணுக்கால் பிசகி, வெள்ளரிப்பழம் போல வீங்கியிருந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு வாரத்துக்குக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது, நீட்டியே வைத்திருக்க வேண்டும் என்றார். சனிக்கிழமை விழா இருக்கிறதே என்று இவர் பதறினார். டாக்டருக்கும் அதே ஊர்தான்.

"நல்லதாப் போச்சு. இந்த வருஷமாவது உக்காந்து கேளுங்க" என்றார்.

அதுதான் அவருக்குப் பழக்கமில்லாத வேலை. பதினெட்டு வருடமாக அவர்தான் விழாக்குழுச் செயலாளர். அந்தப் பதினெட்டு வருடத்தில் ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிக்கிறதா என்று பக்கத்து அறையிலிருந்து காதைத் தீட்டிக்கொள்கிற மாதிரிதான் அவர் பாட்டைக் கேட்பார். சத்தம் வந்தால் மைக் வேலை செய்கிறது. வராவிட்டால் வேலை செய்யவில்லை. இசையைப் பற்றி அதற்கு மேல் தெரிந்துகொள்ள அவருக்கு நேரம் இருந்ததில்லை. ஊரே மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் மேடைக்கு முதுகைக் காட்டி, நாற்காலி வரிசை எங்கே கோணுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனால் விழா, சொன்ன நிமிடத்தில் தொடங்கிச் சொன்ன நிமிடத்தில் முடியும். அதில் அவருக்குப் பெருமை உண்டு. பெருமைக்கு ஆதாரமாக நாற்பத்தியொரு விதிகள் கொண்ட ஒரு கையேட்டை அவரே தட்டச்சு செய்து வைத்திருந்தார். ஒன்பதாவது விதி: பாட்டு நடக்கும்போது தொண்டர்கள் கைபேசியை அணைத்து வைக்க வேண்டும். பதினாறாவது விதி: ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் குறித்த நேரம் முடிந்ததும் மணி அடிக்க வேண்டும். பதினேழாவது விதி: மைதானத்திலிருந்து செயலாளர் இரண்டு கைகளையும் தூக்கினால், பாடுகிறவர் நிறுத்தும் வரை மணியை விடாமல் அடிக்க வேண்டும்.

மணி அடிக்கும் பொறுப்பு தையல்காரருடையது. சும்மா கொடுத்த பொறுப்பல்ல அது. ஒருவருடைய இடுப்பளவு முப்பத்திரண்டு என்று நோட்டில் எழுதியிருந்தால், இடையில் அந்த ஆள் எவ்வளவு பெருத்திருந்தாலும் முப்பத்திரண்டுக்கே தைத்துக் கொடுக்கிற மனிதர் அவர். செயலாளர் அவரிடம் வருடா வருடம் சொல்வது ஒன்றுதான். பாடுவது யாராக இருந்தாலும் சரி, என் வீட்டு ஆளே பாடினாலும் சரி, நேரமானால் அடித்துவிட வேண்டும்.

இந்த வருடம் செயலாளர் வேலையை மனைவியின் தம்பி பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அவன் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். எதற்கும் அலட்டிக்கொள்ளமாட்டான். செயலாளர் கட்டிலில் கிடந்தபடியே கையேட்டை அவனிடம் கொடுத்து, ஒரு மணி நேரம் விளக்கினார். அவன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "படிச்சுக்கறேன் மாமா" என்றான். மடித்த விதத்திலேயே அவன் படிக்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு, அவருடைய கடையிலேயே வாடகைக்கு விடுகிற சக்கர நாற்காலியில் உட்கார வைத்து மனைவி அவரைத் தள்ளிக்கொண்டு போனாள். அவளுக்குத் தபால் நிலையத்தில் பார்சல் பிரிவில் வேலை. எதை எந்த மூலையில் வைத்தால் உடையாமல் இருக்கும் என்பது அவளுக்குக் கைவந்த கலை. மூன்றாவது வரிசையின் ஓரத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குத் தடை போட்டு, காலைத் தூக்கி எதிரே இன்னொரு நாற்காலியில் ஒரு தலையணை மேல் வைத்தாள். பிறகு கையை நீட்டினாள். கைபேசியைக் கேட்கிறாள் என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அவசரத்துக்கு வேணுமே" என்றார்.

"ரெண்டு மணி நேரம்தான். நீங்க இல்லாம ஊரு ஓடுதா நிக்குதான்னு பாத்துருவோம்" என்று சொல்லி அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஊர் ஓடியது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மச்சினன் நாற்காலிகளை ஒரு குவியலாகப் போட்டுவிட்டு, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டிருந்தான். மரத்தடியில் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் மேடைக்குப் பக்கவாட்டில் தனியாக ஒரு நாற்காலியைப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் கால் பதித்திருந்தார். மூன்றாவது வரிசை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது, அவர் தலையைத் திருப்பிப் பார்த்தபோது வரிசையே இல்லை. ஆனாலும் யாரும் யாருடனும் இடத்துக்குச் சண்டை போடவில்லை. வரிசை இருந்த வருடங்களில் போடுவார்கள்.

வரவேற்புரையை அவர் வழக்கமாக இருபது நிமிடம் நிகழ்த்துவார். மச்சினன் மேடையேறி, "எல்லாரும் வந்துட்டீங்கபோல. ஆரம்பிச்சிரலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கினான். கைதட்டல் எழுந்தது. பதினெட்டு வருடத்தில் தன் உரைக்கு அப்படி ஒரு கைதட்டல் விழுந்ததாக அவருக்கு ஞாபகமில்லை.

பிறகு பாட்டு ஆரம்பித்தது. குழுவில் நாலு பேர். பாடுகிறவர் பகலில் பேருந்து ஓட்டுகிறவர். வேலை முடிந்து சீருடைச் சட்டையோடே வந்திருந்தார். டிரம்பெட் வாசிக்கிற பெண்மணி கண்ணாடிக்கடை வைத்திருப்பவள். அக்கார்டியனுக்கு ஒருவர், டிரம்ஸுக்கு ஒருவர். முதல் பாட்டு ஆற்றைப் பற்றியதோ, ஆற்றங்கரையில் யாரோ யாருக்கோ காத்திருந்ததைப் பற்றியதோ. செயலாளருக்கு அதெல்லாம் பிடிபடவில்லை. எப்படி ரசிப்பது என்பதே அவருடைய முதல் கேள்வியாக இருந்தது. கையை எங்கே வைத்துக்கொள்வது? அக்கம்பக்கம் பார்த்தார். தலையை ஆட்டினார்கள். அவரும் ஆட்டினார், அரைத் தாளம் பிந்தி. ரொட்டிக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவரும் மூடினார். மூடியதும் ஒலிபெருக்கியின் வயர் நடைபாதையில் கிடக்கிறதா என்ற சந்தேகம் வந்தது, திறந்தார். கிடந்தது. குழந்தைகள் அதைத் தாண்டித் தாண்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

கையும் ஓடாமல் காலும் ஓடாமல் இருந்தவருக்கு, வேறு வழியில்லாததால் பக்கத்தில் இருந்த மனைவி கண்ணில் பட்டாள். அவள் தலையை ஆட்டவும் இல்லை, கண்ணை மூடவும் இல்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பாட்டின் ஒவ்வொரு வரியும் அவளுக்குத் தெரிந்திருந்தது. பாடகர் ஓர் இடத்தில் வரியை மாற்றிப் பாடியபோது அவள் சிரித்தாள். மேடையிலிருந்து டிரம்பெட் பெண்மணியும் இவளைப் பார்த்துச் சிரித்தாள்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் ஐஸ்கிரீம் விற்கிற பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். செயலாளரிடம் ஒரு கோப்பையை நீட்டிவிட்டு மனைவியிடம், "உங்களுக்கு இன்னைக்கு வேண்டாம்ல அக்கா, தொண்டை கட்டிக்கும்" என்று சொல்லி நகர்ந்தாள். மனைவி கைப்பையிலிருந்து குடுவையை எடுத்து, ஆவி பறக்க இரண்டு வாய் வெந்நீர் குடித்தாள்.

உனக்கு இவளை எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். வியாழக்கிழமை அவளும் வருவாள் என்றாள். எங்கே வருவாள்? பேருந்துப் பணிமனைக்கு. பணிமனையில் உனக்கென்ன வேலை?

"ஒத்திகை. ரெண்டு வருஷமா போறேனே. சொல்லிட்டுத்தானே போறேன்."

"எப்ப சொன்ன?"

"ஒவ்வொரு வியாழக்கிழமையும். 'ம், கதவச் சாத்திட்டுப் போ'ன்னு சொல்வீங்க."

சொல்லியிருப்பார். தன் குரலில் அதைச் சொல்வது அவருக்கே கேட்டது. மேற்கொண்டு கேட்க வாயெடுத்தபோது மச்சினன் மேடையேறி, அடுத்து விருந்தினர் குரல் என்று அறிவித்தான். மனைவி எழுந்தாள். கைப்பையை அவர் மடியில் வைத்தாள். ஐஸ்கிரீம் சட்டையில் சொட்டுவதைக் காட்டிவிட்டு, மேடையை நோக்கி நடந்தாள்.

அப்போதுதான் அவருக்கு விழாக்குழுக் கூட்டம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஓட்டுநர், ஒரு பாட்டுக்கு மட்டும் விருந்தினர் ஒருவர் வருகிறார், ஐந்து நிமிடம் வேண்டும் என்று கேட்டிருந்தார். வெளியாள் எதற்கு என்று இவர் மறுத்தார். வெளியாள் இல்லை என்று ஓட்டுநர் ஆரம்பித்தார். யாராக இருந்தால் என்ன, மூன்று நிமிடத்துக்கு மேல் முடியாது என்று இவர் முடித்துவிட்டார். அன்று மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் ஒரு கணம் தன்னை விசித்திரமாகப் பார்த்ததாகத் தோன்றியது. தன் கண்டிப்பை வியக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டிருந்தார். நிகழ்ச்சி நிரலில் "விருந்தினர் குரல், மூன்று நிமிடம்" என்று தட்டச்சு செய்ததும் அவருடைய விரல்களே.

அவள் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். அக்கார்டியன் மெல்லத் தொடங்கியது. அவள் பாடினாள்.

அந்தக் குரலை அவர் முன்பே கேட்டிருக்கிறார். சாயங்காலம் கடையிலிருந்து வந்து உட்காரும்போது சமையலறையிலிருந்து வரும். ரேடியோ என்று நினைத்திருந்தார். வீட்டு ரேடியோ கெட்டுப்போய் நாலு வருடம் ஆகிறது. பரணில் தூக்கிப் போட்டவரும் அவர்தான். இரண்டும் சேர்ந்து ஒரே நேரத்தில் அவர் புத்தியில் ஏறியதே இல்லை.

அது பெரிய குரல் என்று சொல்ல முடியாது. ஆனால் நிலையான குரல். ஒரு வரியை எடுத்தால் அதைக் கீழே போடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தது. மரத்தடி வட்டத்தில் பேச்சு நின்றது. ராட்டினக்காரர் ராட்டினத்தை நிறுத்திவிட்டு அதன் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு நின்றார். உச்சியில் மாட்டியவர்கள் கேட்டுக்கொண்டே தொங்கினார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. அவள் முகத்தின் ஒரு பக்கத்தில் அது விழுந்திருந்தது. கையில் ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை வழிந்தது செயலாளருக்குத் தெரியவில்லை. கொடி, வயர், வரிசை எதுவும் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் பாட்டுக் கேட்டார்.

இரண்டு நிமிடமும் சில்லறை விநாடிகளும் கேட்டிருப்பார். பிறகு மேடையின் ஓரத்தில் தையல்காரர் கடிகாரத்தைக் கண்ணருகே கொண்டுபோவது தெரிந்தது.

பாட்டு ஐந்து நிமிடப் பாட்டு. அது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். கேட்ட ஐந்தை மூன்றாக்கியது அவர்தானே. முதலில் தையல்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் இவரைப் பார்க்கவே இல்லை. மணி அடிக்கும் வரை கடிகாரத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கக் கூடாது என்பது உத்தரவு. கைப்பையைத் துழாவிக் கைபேசியை எடுத்துத் தையல்காரரை அழைத்தார். அவருடைய கைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஒன்பதாவது விதி. சக்கரத்தின் தடையை விடுவித்துத் தானே உருட்டிக்கொண்டு போகலாம் என்று பார்த்தால் நாலாபக்கமும் நாற்காலிகள். வரிசை இருந்தாலல்லவா நடைபாதை இருக்கும். கூப்பிடலாம் என்றால், பாட்டின் நடுவே சத்தம் போடுகிற முதல் ஆள் செயலாளராகவா இருக்க வேண்டும்?

மணி அடித்தது. பள்ளிக்கூட மணி அது, கையில் பிடித்து ஆட்டுகிற பித்தளை மணி. ஆற்றின் அக்கரை வரை கேட்கும்.

அவள் ஒரு கணம் தடுமாறினாள். அந்த மணியின் பொருள் ஊரில் யாரையும்விட அவளுக்குத் தெரியும். அவர் இருந்த பக்கம் பார்த்தாள். நிறுத்தட்டுமா என்று கேட்கிற பார்வை. பாடு, பாடு என்று சொல்வதற்காக அவர் இரண்டு கைகளையும் உயரத் தூக்கினார்.

அதைத் தையல்காரர் பார்த்துவிட்டார்.

பதினேழாவது விதிப்படி அவர் மணியை விடாமல் அடிக்கத் தொடங்கினார். செயலாளர் கையை இன்னும் வேகமாக ஆட்டினார். தையல்காரரும் இன்னும் வேகமாக ஆட்டினார். மனைவிக்கு இரண்டு பேரும் தெரிந்தார்கள். பாட்டின் சோகமான வரியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடே அந்த வரியைப் பாடினாள், நிறுத்தவில்லை. டிரம்ஸ்காரர் பார்த்தார், இது அடங்குகிற மணியல்ல என்று புரிந்துகொண்டு, தன் தாளத்தை அதற்குத் தக்கபடி மாற்றிக்கொண்டார். டிரம்பெட்டும் சேர்ந்துகொண்டது. அழுகைப் பாட்டாகத் தொடங்கியது, கடைசி ஒன்றரை நிமிடத்தில் ஊர் முழுக்க எழுந்து நின்று கைதட்டிக் காலைத் தட்டுகிற பாட்டாக முடிந்தது.

மணி அந்தப் பாட்டிலேயே உள்ளது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மறுபடி பாடச் சொல்லிக் கேட்டார்கள். மணிக்காரரை முன்னால் வரச் சொன்னார்கள். தையல்காரர் தயங்கினார். மூன்று நிமிட நிகழ்ச்சி ஏற்கனவே ஆறு நிமிடம் ஆகிவிட்டது, இதற்கு யார் பதில் சொல்வது என்று மச்சினனிடம் கேட்டார். மச்சினன் நான் சொல்கிறேன் என்று அவரை மைக் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். இரண்டாம் முறை தையல்காரர் முதலில் இருந்தே மணி அடித்தார். அளவு பிசகாமல் அடித்தார் என்று பிறகு ஓட்டுநர் பாராட்டினார்.

விழா அன்று இருபத்திரண்டு நிமிடம் தாமதமாக முடிந்தது. பதினெட்டு வருடத்தில் முதல்முறை. அதைக் கவனித்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவரான தையல்காரர் பூச்செண்டுடன் புகைப்படத்துக்கு நின்றுகொண்டிருந்தார்.

இருவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஆற்றோரச் சாலை கொஞ்சம் ஏற்றம். அவள் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்தாள். வழியில் வந்தவர்களில் நாலைந்து பேர் நின்று, இந்த வருடம் விழா பிரமாதம், மணி யோசனை யாருடையது என்று அவரிடமே கேட்டார்கள். ஒருவருக்கும் அவர் பதில் சொல்லவில்லை. அடக்கம் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

கடைசியில், "பாடப்போறது நீதான்னு சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

"சொல்லியிருந்தா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தோன்றவில்லை. "வீட்டு ஆளுங்கறதால ரெண்டு நிமிஷமாக் குறைச்சிருப்பேன்."

"அதான் சொல்லல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பார்சலில் முகவரி சரியாக இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

கொஞ்ச தூரம் போனதும், "எப்படி இருந்துச்சு?" என்று அவளே கேட்டாள்.

"மணி அடிக்கிற வரைக்கும் நல்லா இருந்துச்சு."

"எல்லாரும் அதுக்கப்புறம்தான் நல்லா இருந்துச்சுங்கறாங்க."

"அவங்களுக்கு என்ன தெரியும்" என்றார் செயலாளர். ரசிகராகி முழுதாக ஒரு மாலை ஆகவில்லை; அதற்குள் மற்ற ரசிகர்களைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வந்துவிட்டிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை அவர் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவள் தலையை வாரிக்கொண்டு, குடுவையில் வெந்நீர் நிரப்பிக்கொண்டு, போய்விட்டு வருகிறேன் என்றாள். பணிமனை எத்தனை மணி வரை, யார் யார் வருவார்கள், உட்கார என்ன போட்டிருக்கிறார்கள் என்றெல்லாம் அவர் விசாரித்தார். பழைய டயர்கள்தான் என்றாள். கால் சரியானதும் தானும் வரட்டுமா என்று கேட்டார். அவள் துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்திருந்தார் போலிருக்கிறது. அவள் குடுவையின் மூடியைத் திருகி இறுக்கினாள்.

"மாசம் ஒரு தடவை வாங்க. எல்லா வாரமும் வேண்டாம்."

"ஏன்?"

"நீங்க வந்தா டயரையெல்லாம் வரிசையா அடுக்குவீங்க" என்றாள். பிறகு கொஞ்சம் தணிந்து, "அந்த ஒரு நாள் எனக்குன்னு இருக்கட்டுமே" என்றாள்.

அவருக்கு மனசு சுருங்கியது. ஆனால் எண்ணிப் பார்த்தால், வருடம் முழுக்க விழாவைக் கட்டிக்கொண்டு அழுத மனிதரிடம் அவள் ஒரு நாள்கூட இப்படி நானும் வரட்டுமா என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர் கையேட்டைத்தான் கொடுத்திருப்பார். சரி என்றார்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, இன்றைக்கு என்ன பாட்டு என்று கேட்டார். புதுசு, உங்களுக்குத் தெரியாது என்றாள். ரெண்டு வரி பாடேன் என்றார். அவள் ஒற்றைச் செருப்போடு வாசலில் நின்றபடி பாடினாள். இரண்டாவது வரி பாதியில் இருக்கும்போது தெருமுனையில் பேருந்து திரும்பியது. மீதியை வந்து பாடுகிறேன் என்று சொல்லிவிட்டு, மற்ற செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினாள்.